கீரைக்கடையும் கீரை கடையும்: பெயர்ப்பலகைகளில் ஒற்று விடுபடுதல்

கடைப் பெயர்ப்பலகைப் பிழைகளைத் தொகுக்கும்போது, ஒற்று விடுபடுவதையும் லகர, ளகர, ழகர மயக்கத்தையும் 'எழுத்துப்பிழை' என்னும் ஒரே தலைப்பின்கீழ் எண்ணிவிடுவது எளிது. இவ்விரண்டும் பிறக்கும் இடம் வேறு. எனவே திருத்தும் முறையும் வேறாதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

'கீரைக்கடை' என்பது கீரையை விற்கும் கடை என விரியும். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாதலின் வல்லினம் மிகுகிறது. பலகையில் 'கீரை கடை' என எழுதினால், 'கடை' ஏவல் வினைமுற்றாகிவிடும். கீரையைக் கடையுமாறு சமையலறையில் இடும் கட்டளையாகிவிடும். அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. அங்கு வலி மிகாது. அதாவது, பலகையில் இருப்பது பிழையான தொடரன்று; வேறொரு பொருளுக்குரிய சரியான தொடர். 'தயிர்க்கடை', 'தயிர் கடை' ஆகியனவும் இவ்வாறே. வாடிக்கையாளர் எவரும் மத்தைத் தேடுவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் பொருளை உணர்த்துவது கடையின் சூழலேயன்றி எழுத்தன்று.

இங்குக் கருதத்தக்கது பேச்சு. 'டீக்கடை', 'மளிகைக்கடை', 'நகைக்கடை' எனச் சொல்லும்போது பள்ளி செல்லாதவரும் ககரத்தை இரட்டித்தே ஒலிக்கின்றனர். விதி அவர்தம் நாவில் உள்ளது, பலகையில்தான் இல்லை. இதற்குக் காரணம் பலகையின் அமைப்பு என்று கருத இடமுண்டு. பெரிய எழுத்துகளில் 'கீரை' மேல்வரியிலும் 'கடை' கீழ்வரியிலும் அமையும்போது ஒற்றுக்கு இடமில்லை. கீழ்வரியை மெய்யெழுத்தால் தொடங்க இயலாது. மேல்வரியின் ஈற்றில் நிறுத்தினால் 'கீரைக்' எனச் சொல் முடியாததுபோல் தோன்றும். ஆங்கிலப் பெயரின் இரு சொற்களுக்கு நேராகத் தமிழிலும் இரு சொற்களைப் பிரித்து வைக்கும் வழக்கமும் இதற்குத் துணைபோகிறது.

'பழச்சாரு', 'வாளைப்பழம்' போன்றவை இதற்கு நேர்மாறானவை. ரகர றகர வேறுபாடும் ழகர ஒலிப்பும் பல வட்டாரப் பேச்சில் மங்கிவிட்டன. எழுதுபவர் தம் செவிக்கு உண்மையாகவே எழுதுகிறார். அவரிடம் 'உரக்கச் சொல்லிப் பாருங்கள்' என்பது பயன்தராது. ஒற்றை விட்டவரிடமோ அதுவே போதும். வகுப்பறையில் தொகைநிலை இலக்கணத்தைச் சொல்வதற்கு முன்பே மாணவரைப் பலகையை வாய்விட்டுப் படிக்கச் செய்யலாம்.

'பால் கடை' என்பதை மட்டும் பிழைப்பட்டியலில் சேர்க்கத் தயக்கமாக உள்ளது. வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகத் திரியும் என்பது நன்னூல் விதி. 'பாற்கடல்' அவ்வாறு நிலைத்த சொல். ஆனால் 'பாற்கடை' என எவரும் சொல்வதில்லை, எழுதுவதுமில்லை. வழக்கிழந்த வடிவத்தை அளவுகோலாகக் கொண்டு கடைக்காரரைக் குறைகூறுவது முறையன்று. ஆவின் விற்பனையிடங்களின் பலகைகளில் உள்ள 'பாலகம்' என்னும் சொல்லில் இச்சிக்கலே எழுவதில்லை. நிலைமொழி ஈற்று மெய்மேல் வருமொழி உயிர் இயல்பாக ஏறிக்கொள்கிறது.