உப்புக் குவியலும் உடைந்த பல்லும்

திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் மலையைக் கடந்து மரக்காணம் போகும் சாலையில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? கடல் நெருங்கியதும் உப்பளங்கள் தொடங்கிவிடும். பாத்திகளின் ஓரத்தில் குவித்து வைத்த உப்பு, வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும் வெண்மையோடு நிற்கும். அந்தக் குவியலிலிருந்து தெளிவான ஓர் உப்புக் கல்லை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டு போல ஏறக்குறைய நிறமற்று இருக்கும். கல்லுக்கு இல்லாத வெண்மை குவியலுக்கு எப்படி வந்தது?

கற்களுக்கு இடையே இருக்கும் காற்றுதான் காரணம். உப்பின் ஒளிவிலகல் எண் 1.54, காற்றினுடையது 1.00. உப்பும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஒரு பகுதி திரும்புகிறது, மீதி திசை மாறி உள்ளே போகிறது. இப்படி ஆயிரக்கணக்கான பரப்புகளில் முட்டி மோதி, எல்லா நிறங்களும் கலந்தபடியே வெளியே வந்துவிடுகிறது. அதையே வெண்மை என்கிறோம். ஒரு கண்ணாடி தம்ளரில் சிறிது கல் உப்பைப் போட்டு, அது மூழ்கும் அளவுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45. உப்புக்கும் அதற்கும் வேறுபாடு குறைவு. ஆகவே வெண்மை மங்கி, குவியலுக்குள் ஒளி ஊடுருவுவதைக் காண்பீர்கள்.

இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த பல்லை ஒட்டவைக்கும் வித்தையைப் புரிந்துகொள்ள இது உதவும்.

தெருக்குழாயின் கைப்பிடி துள்ளி எழுந்து முன்பல்லில் அடித்துவிட்டது. ஓடிப் பிடித்து விளையாடும்போது திண்ணையில் மோதிவிட்டான். கிரிக்கெட் பந்து பட்டுவிட்டது. உங்கள் வகுப்பிலேயே முன்பல்லின் முனை உடைந்த மாணவர் ஒருவராவது இருக்கக்கூடும். வலி சில நாளில் போய்விடும். ஆனால் சிரிப்பு வரும்போதெல்லாம் கை தானாக வாயை மூடப் போகும். குழுப் புகைப்படத்தில் உதடுகள் இறுகிக்கொள்ளும். இதை அற்பமான அழகுப் பிரச்சினை என்று பெரியவர்கள் ஒதுக்குவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

முன்பெல்லாம் இதற்குச் சிகிச்சை, எஞ்சியிருக்கும் பல்லையும் சுற்றிலும் ராவி, அதன் மேல் ஓர் உறை மாட்டுவதாக இருந்தது. சிறு துண்டு உடைந்ததற்காக நல்ல பல்லையும் இழப்பது! பல்லின் மேலுறையான எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள், பல் ஈறைத் துளைத்து வெளிவந்ததும் மறைந்துவிடுகின்றன. அதனால் ராவிய எனாமல் மறுபடி வளராது. ராவாமல் ஒட்ட வேண்டும் என்றால், வழவழப்பான, எப்போதும் எச்சில் ஈரம் பட்ட பல்லில் எதுதான் ஒட்டும்?

விடை உங்கள் ஊர் சைக்கிள் கடையில் இருக்கிறது. பஞ்சர் ஒட்டுபவர் டியூபைத் துடைத்த கையோடு ஒட்டுவதில்லை. முதலில் உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிறார். பழைய சுவரில் புதுப் பூச்சு பூசும் கொத்தனாரும் முதலில் சுவரைக் கொத்திவிடுகிறார். பசை உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளக் குழிகள் வேண்டும்.

பல்லில் அந்தக் குழிகளை உண்டாக்கும் வழியை 1955-ல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் ஆய்வாளர் வெளியிட்டார். உலோகத் தகட்டில் வண்ணம் நன்றாகப் பிடிக்க, தொழிற்சாலைகளில் முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்கள். அதையே அவர் எனாமலில் முயன்றார். எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். அது நுண்ணிய கோல்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. அமிலம் பட்டதும் கோல்கள் சமமாகக் கரையாமல், கண்ணுக்குத் தெரியாத தேன்கூடு போன்ற குழிகள் தோன்றுகின்றன. இன்று மருத்துவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 37 சதவீத அமிலம்; 15 முதல் 30 விநாடி வைத்தால் போதும்.

கழுவி உலர்த்தியதும் அமிலம் பட்ட இடம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிடும். குழிகளுக்குள் காற்று நிரம்பிவிட்டதே! மரக்காணத்து உப்புக் குவியல்தான் இங்கே பல்லின் மேல் நிற்கிறது. அமிலம் சரியாக வேலை செய்ததற்கு மருத்துவருக்கு இதுவே அடையாளம். அடுத்து நீர்மமான பிசின் ஒன்றைத் தடவுகிறார். அது குழிகளுக்குள் இறங்கியதும் வெண்மை மறைகிறது. எண்ணெய் ஊற்றிய உப்பில் நடந்தது போலவே. பிசின் இறுகிய பிறகு அந்தப் பிடிப்பு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோகிராம் எடையைத் தாங்கும். உளுந்துப் பருப்பு அளவுள்ள பரப்பு எவ்வளவு தாங்கும் என்று நீங்களே கணக்கிடுங்கள்.

பிசின் மட்டும் போதாது. அது மென்மையானது, இறுகும்போது சுருங்கக்கூடியது. வெறும் சிமெண்டுக் குழம்பில் தூண் கட்டுவதில்லை அல்லவா? ஜல்லியும் மணலும் சேர்க்கிறோம். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ஆய்வு செய்த ரஃபேல் போவென், புதிய பிசின் ஒன்றை உருவாக்கி, அதில் சிலிக்காத் தூளைக் கலந்தார். 1962-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தூளின் ஒவ்வொரு துகளுக்கும் சிலேன் என்ற சேர்மத்தால் மேற்பூச்சு உண்டு. அது ஒரு கையால் கண்ணாடியையும் மறு கையால் பிசினையும் பிடித்துக்கொள்ளும். இந்தக் கலவைக்குத்தான் காம்போசிட் என்று பெயர்.

மருத்துவர் இதை மாவு போல எடுத்துப் பல்லின் வடிவத்தைக் கையாலேயே உருவாக்குகிறார். பிறகு ஒரு நீல விளக்கைக் காட்டுகிறார். சில விநாடிகளில் மாவு கல்லாகிறது. ஏன் நீலம்? கலவையில் காம்போர்குயினோன் என்ற பொருள் சிறிதளவு இருக்கிறது. பெயரைக் கவனியுங்கள்: நாம் கோயிலில் ஏற்றும் கற்பூரத்திலிருந்து தயாரிக்கப்படும் பொருள் இது! 468 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில் உள்ள நீல ஒளியை இது மிக நன்றாக உட்கவர்கிறது. அந்த ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 2.65 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு 1.9 மட்டுமே. நீல ஃபோட்டானை விழுங்கிய மூலக்கூறு கிளர்ச்சியுற்று, பிசினின் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளத் தூண்டுகிறது. சிவப்பு விளக்கை நாள் முழுவதும் காட்டினாலும் மாவு மாவாகவே இருக்கும். இப்போது இந்த விளக்கு நீல எல்.இ.டி.யால் ஆனது. 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்குக் கிடைத்ததை நீங்கள் படித்திருக்கலாம்.

இறுகும்போது காம்போசிட் கனஅளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்குகிறது. நீல ஒளியும் ஆழமாகப் போகாது. அதனால் மொத்தமாக அப்பாமல், சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒளி காட்டுவார்கள்.

நிறம் பொருத்துவதிலும் இயற்பியல் உண்டு. இயற்கையான பல் பால் போல வெண்மையானதன்று. உள்ளே இருக்கும் டென்டைன் மஞ்சள் சாயலுடையது. ஒளி கசியும் எனாமல் வழியே அது தெரிகிறது. (விளம்பரப் பற்களைப் பார்த்துத் தன் பல்லை வெறுப்பவர்கள் இதை அறிவது நல்லது.) வேலையைத் தொடங்கும் முன்பே, பல் ஈரமாக இருக்கும்போதே, மருத்துவர் நிற அட்டையை வைத்து ஒப்பிட்டுவிடுவார். வாய் திறந்து பல் உலர்ந்துவிட்டால் நுண்துளைகளில் நீர் போய்க் காற்று புகுந்து பல் வெளுக்கும். அப்போது தேர்ந்தெடுத்த நிறம் நாளை பொருந்தாது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பலருடைய பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறைகளும் இருப்பதைப் பார்த்திருக்கலாம். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்ததன் விளைவு இது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்து 1937-லேயே இந்நோய் பதிவாகியிருக்கிறது. சிறு திட்டுகளைக் காம்போசிட் பூசி மறைக்கலாம். ஆனால் அடுத்த குழந்தையின் பல்லைக் காப்பது நல்ல தண்ணீர்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது.

காம்போசிட் என்றென்றும் நிலைப்பதன்று. தேநீரும் வெற்றிலையும் கறை ஏற்றும். நகம் கடித்தாலும், பல்லால் பாட்டில் மூடி திறந்தாலும் விளிம்பு பெயரும். சில ஆண்டுகளில் மெருகேற்றவோ செப்பனிடவோ வேண்டிவரும். சொத்தையோ ஈறு நோயோ இருந்தால் முதலில் அதற்குத்தான் சிகிச்சை. வீட்டில் எலுமிச்சைச் சாறு தேய்த்து வெளுக்கச் செய்பவர்கள், அமிலக் குழிகளை மட்டும் உண்டாக்கி, அவற்றை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். செங்கல் தூள், கரித்தூள், உப்பு ஆகியவற்றால் அழுத்தித் தேய்ப்பதும் எனாமலைத் தேய்த்துவிடும்.

விழுந்த பால்பல்லைக் கூரை மேல் எறியும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. நிரந்தரப் பல்லின் உடைந்த துண்டை அப்படி எறிந்துவிடாதீர்கள். சுத்தமான தண்ணீரிலோ பாலிலோ போட்டு, தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். உடைந்த இடத்தில் இளஞ்சிவப்புப் புள்ளியோ இரத்தமோ தெரிந்தால் அன்றே போயாக வேண்டும். துண்டு நன்றாக இருந்தால் அதே அமிலம், அதே பிசின், அதே நீல ஒளி கொண்டு அதையே திரும்ப ஒட்டிவிடலாம். வழியில் உலர்ந்துபோயிருந்தால் ஒட்டிய துண்டு முதலில் வெளுப்பாகத் தெரியும். எச்சிலில் ஊறி, சில நாட்களில் பக்கத்துப் பல்லின் நிறத்தை நெருங்கிவிடும்.