கல்கத்தாவில் தோற்ற ஓர் ஆட்டம்

லண்டனில் ஸ்டாண்டன் போன்ற மகாவீரரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடித் தேறியவரும், கல்கத்தாவில் பாரிஸ்டராக விளங்கியவருமான ஜான் காக்ரனுக்கு, அந்நகரச் சதுரங்கக் கழகத்தில் சமமாக எதிரே அமரத்தக்கவர் ஒருவரே இருந்தார் என்று 1850-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சதுரங்கப் பத்திரிகை ஒன்று தெரிவிக்கிறது. நகருக்கு அப்பாலுள்ள நாட்டுப்புறத்தில், எவரிடமும் தோற்றறியாதவர் என்ற கீர்த்தியோடு வாழ்ந்த மகேஷ்சந்திர பானர்ஜி என்னும் பிராமணரே அவர்.

நம் நாட்டு முறையில் சிப்பாய்க்கு ஒரு கட்டமே கதி. முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயும் உரிமை ஐரோப்பிய விதிக்கே உரியது. ஆகவே, பலகையின் மத்தியப் பிரதேசத்தைப் பாய்ந்து பிடிக்காமல், குதிரைக்கு முன்னிருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னே மந்திரியை நிறுத்தி, நீண்ட மூலைவிட்டத்தின் வழியே தூரத்திலிருந்து மத்தியைத் தாக்கும் சம்பிரதாயம் இங்கே ஊறியிருந்தது. அந்நிய விதிகளைக் கற்றுக்கொண்ட பின்னும் பானர்ஜி இந்தப் பழக்கத்தைக் கைவிடவில்லை; அவருடைய மேதை இதில்தான் விளங்குகிறது என்பது என் துணிபு.

1855-இல் காக்ரனுக்கு எதிராக நடந்த ஓர் ஆட்டத்தில் கறுப்புக் காய்களை ஆடிய அவர், மூன்றாவது நகர்த்தலிலேயே ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்தி வெள்ளையின் மத்தியோடு மோதவிட்டார். நான்காவதில் மந்திரியை மூலைவிட்டத்தில் நிறுத்தினார். நெடுநேரம் ஆட்டம் சமமாகவே நடந்தது. பதினேழாவது நகர்த்தலில் காக்ரனின் குதிரை முன்னேறியபோது பானர்ஜி ஒரு மந்திரியை வெட்டினார். அக்குதிரை ராஜாவின் அருகிலிருந்த சிப்பாயை வெட்டி உள்ளே புகுந்ததும், ராஜாவைக் காப்பதை விட்டு எதிரியின் ராணியைத் தாக்கினார். அந்தக் கணத்தில், குதிரை விலகி ராணியின் வழியைத் திறந்தவுடன், இரண்டு காய்களும் ஒருங்கே ‘செக்’ சொல்லும் நிலை உண்டாகிவிட்டது. ராஜா மூலைக்கு ஓடினால், ராணியைப் பலிகொடுத்து, தன் சேனையே சூழ்ந்து நிற்கும் அவனைக் குதிரையால் வீழ்த்தலாம். மூன்றே நகர்த்தலில் மரணம்!

பானர்ஜி தோற்றார், ஆனால் அவர் அன்று ஆடிய தற்காப்பு தோற்கவில்லை. 1922-இல் அதை அரங்கேற்றிய ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பிஷரும் காஸ்பரோவும் அதை விரும்பி ஆடினார்கள். 2010-இல் சோபியாவில், உலகப் பட்டத்தைக் காக்க வந்த நம் விசுவநாதன் ஆனந்த், டோபலோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு எடுத்ததும் இதே தற்காப்பைத்தான். அந்த ஆட்டத்தில் தோற்றாலும், பட்டத்தை அவர் இழக்கவில்லை.