நாள்காட்டியும் துணையும்: கொங்குப் பெண்களின் ஹஜ் ஆயத்தம்

இஸ்லாத்தின் ஐந்து அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகிய ஹஜ், உடல்நலமும் பொருள்வசதியும் வழிப்பாதுகாப்பும் வாய்த்த ஒவ்வொரு முஸ்லிம் மீதும் வாழ்நாளில் ஒருமுறை விதிக்கப்பட்டிருக்கிறது. இவ்விதியில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. 'வழிப்பாதுகாப்பு' என்ற சொல்லுக்குச் சட்ட நூலார் பொருள் விரிக்கும்போதுதான் பெண்ணுக்கென ஒரு தனிக் கணக்கு தொடங்குகிறது. கோவை உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் முதல் திருப்பூர் காதர்பேட்டை, ஈரோடு, கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டி வரை ஆண்டுதோறும் ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்கும் பெண்கள், பெட்டியில் எதை எடுத்துவைப்பது என்பதற்கு முன்பாக, யாருடன் போவது, பயண நாட்களில் மாதவிடாய் எப்போது வரும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியவர்களாக இருக்கிறார்கள். முதல் கேள்வி வீட்டுக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேசப்படுகிறது. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் அடுக்களைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

துணை பற்றிய கேள்வியில் மையமாக நிற்பது 'மஹ்ரம்' என்ற சொல். ஒரு பெண் எக்காலத்திலும் மணக்க முடியாத உறவினனாகிய தந்தை, மகன், உடன்பிறந்தான், தாய்மாமன் முதலியோர் மஹ்ரம் எனப்படுவர். பயணத் துணையைப் பொறுத்தவரை கணவனும் இவர்களோடு சேர்த்தே எண்ணப்படுகிறான். சட்டப் பள்ளிகள், அதாவது மத்ஹபுகள், இதில் ஒத்த கருத்துடையவை அல்ல. கடமையான ஹஜ்ஜைப் பொறுத்தவரை, நம்பிக்கைக்குரிய பெண்கள் குழுவாகச் சென்றால் மஹ்ரம் இன்றியும் போகலாம் என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. கணவனோ மஹ்ரமோ இல்லாமல் நெடும்பயணம் கூடாது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. கொங்குப் பகுதியின் ராவுத்தர்களும் உருது பேசும் தக்கினி முஸ்லிம்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கோவையில் குடியேறிய மலையாள முஸ்லிம்கள் ஷாஃபிகள். ஆகவே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரண்டு கைம்பெண்களுக்கு ஒரே கேள்விக்கு இரு வேறு விடைகள் கிடைப்பது இங்கே இயல்பு.

ஹனஃபி நூல்கள் இதில் மேலும் சில நுட்பங்களைச் சொல்கின்றன. மஹ்ரம் தன் செலவில் வர முன்வராவிட்டால் அவருடைய பயணச் செலவையும் அந்தப் பெண்ணே ஏற்க வேண்டும். மஹ்ரம் கிடைத்துவிட்டால் கடமையான ஹஜ்ஜுக்குப் போகும் மனைவியைக் கணவன் தடுக்க முடியாது. பொருள் இருந்தும் இறுதிவரை மஹ்ரம் கிடைக்காத பெண், தன் சார்பில் பிறர் செய்யும் 'ஹஜ் பதல்' எனப்படும் பதிலி ஹஜ்ஜுக்கு மரண சாசனம் செய்துவைக்க வேண்டும். மஹ்ரம் இன்றிச் சென்றுவிட்டால் ஹஜ் நிறைவேறிவிடும், ஆனால் பயணம் குற்றமுடையது என்பதும் அதே மத்ஹபின் முடிவே. கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்னும் காத்திருப்பில் இருக்கும்போது பயணம் தொடங்குவது கூடாது என்பதில் பெரும்பாலான அறிஞர்கள் உடன்படுகின்றனர். விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் பெயர் வந்து பணமும் கட்டிய பிறகு கணவர் இறந்துபோகும் நிலையில் இவ்விதி மிகக் கடினமான முடிவொன்றைக் குடும்பத்தின்முன் வைக்கிறது.

அரசின் விதி மெல்ல மாறியிருக்கிறது. 2002ஆம் ஆண்டின் ஹஜ் குழுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய ஹஜ் குழு, 2018ஆம் ஆண்டு ஹஜ்ஜிலிருந்து, 45 வயதைக் கடந்த பெண்கள் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து, தங்கள் மத்ஹப் அனுமதிக்குமானால், மஹ்ரம் இன்றி விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. 2022 அக்டோபரில் சவூதி ஹஜ் அமைச்சர் மஹ்ரம் கட்டாயமில்லை என்று தெரிவித்த பின், 2023 முதல் தனியொரு பெண்ணும் விண்ணப்பிக்க வழி பிறந்தது. அவ்வாண்டில் மட்டும் இந்தியாவிலிருந்து 4,300க்கும் மேற்பட்ட பெண்கள் மஹ்ரம் இன்றிச் சென்றனர். 2023 ஜூன் 8 அன்று கோழிக்கோட்டிலிருந்து 145 பெண் பயணிகளுடன், விமானியும் பணியாளர்களும் பெண்களாகவே இருந்த விமானம் ஒன்று ஜித்தாவுக்குப் புறப்பட்டதும் இம்மாற்றத்தின் தொடர்ச்சியே. 45 என்ற வயது வரம்பு மத நூல்களிலிருந்து வந்ததன்று, நிர்வாகம் வகுத்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். இந்த எண் உடலோடு எப்படி மோதுகிறது என்பது பின்னர் தெளிவாகும்.

கோவையிலிருந்து ஹஜ் விமானம் கிடையாது என்பதால், கொங்குப் பயணியின் முதல் கட்டம் சேரன் விரைவு வண்டியிலோ பேருந்திலோ சென்னைக்குச் செல்லும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர்ப் பயணம். கொரோனாக் காலத்தில் புறப்பாட்டு மையங்கள் குறைக்கப்பட்டபோது சென்னை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 2022இல் தமிழகப் பயணிகள் கொச்சி வழியாகச் சென்றனர். தமிழக அரசு தொடர்ந்து கோரியதன் பேரில் 2023இல் சென்னை மீண்டும் சேர்க்கப்பட்டது. சென்னைவாசிக்கு அது இடர் நீங்கிய செய்தி. கோவைக்காரருக்கோ கொச்சி 200 கிலோமீட்டருக்கும் குறைவு.

செலவு ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு லட்ச ரூபாய். அது தவணைகளாகச் செலுத்தப்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து படிப்படியாகக் குறைக்கப்பட்ட மத்திய அரசின் மானியம் 2018இல் முற்றிலும் நின்றது. அதே ஆண்டில் தமிழக அரசு ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் மானியத்தை அறிவித்தது. 2025இல் மாநில உதவி பயணி ஒருவருக்கு 25,000 ரூபாய் என்றாயிற்று. பெண்ணின் சேமிப்பு பெரும்பாலும் நகையாக இருப்பதால், அதை விற்றுக் கிடைக்கும் தொகை அவளுடைய சொந்தப் பொருள், கணவனின் பொருள் அன்று என்பதை ஜமாஅத்துகள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

இனி நாள்காட்டி. ஹஜ் குழு வழியாகச் செல்வோர் பொதுவாக ஏறத்தாழ 40 நாட்கள் சவூதியில் தங்குகின்றனர்; சராசரி மாதவிடாய்ச் சுழற்சி 28 நாட்கள் என்பதால், மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இக்காலத்தில் குறைந்தது ஒருமுறை அது வந்தே தீரும். மாதவிடாய் ஹஜ்ஜைத் தடுப்பதில்லை. நபியின் மனைவி ஆயிஷாவுக்கு மக்காவை நெருங்கிய ஸரிஃப் என்னும் இடத்தில் இந்நிலை ஏற்பட்டபோது, கஅபாவைச் சுற்றிவரும் தவாஃபைத் தவிர ஹாஜிகள் செய்யும் அனைத்தையும் செய்யலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அதற்கும் முன்பாக, துல்ஹுலைஃபாவில் குழந்தை பெற்ற அஸ்மா பின்த் உமைஸுக்குக் குளித்து, ஹஜ்ஜுக்குரிய புனித நிலையாகிய இஹ்ராமுக்குள் நுழையுமாறு வழிகாட்டப்பட்டது. எனவே மாதவிடாய் நாளில் சென்னையில் விமானம் ஏறும் பெண்ணும் குளித்து, 'நிய்யத்' என்னும் மன எண்ணத்தோடு இஹ்ராம் நிலைக்குள் நுழைந்தாக வேண்டும். தொழுகை அவளுக்கு விலக்கப்படும், தவாஃப் மட்டுமே தள்ளிப்போகும். அரஃபாவில் நிற்பதும், முஸ்தலிஃபாவில் இரவு தங்குவதும், ஜம்ராத்தில் கல்லெறிவதும் தூய்மை நிலையை எதிர்பார்ப்பவை அல்ல.

சிக்கல் எழும் இடங்கள் இரண்டு. இந்தியப் பயணிகள் பெரும்பாலோர் செய்வது 'தமத்துஉ', அதாவது முதலில் உம்ரா என்னும் சிறு யாத்திரையை முடித்து இஹ்ராமைக் களைந்து, பின்னர் துல்ஹஜ் மாதம் 8இல் ஹஜ்ஜுக்கு மீண்டும் இஹ்ராம் அணியும் முறை. மக்கா சென்றதும் மாதவிடாய் தொடங்கிவிட்டால் தூய்மை வரும்வரை உம்ரா காத்திருக்க வேண்டும். 8ஆம் நாளுக்குள் தூய்மை வராவிட்டால், ஹனஃபிகள் உம்ராவை விட்டு ஹஜ்ஜுக்கு இஹ்ராம் அணியச் சொல்கின்றனர், ஷாஃபிகள் இரண்டையும் ஒன்றிணைத்துக்கொள்ளச் சொல்கின்றனர். இரண்டாவது இடம் 'தவாஃபுல் இஃபாளா'. துல்ஹஜ் 10 முதல் செய்யப்படும் இந்தத் தவாஃப் ஹஜ்ஜின் தூண். இது இல்லாமல் ஹஜ் முடிவடையாது. ஊர் திரும்பும் விமானம் நெருங்கிவிட்ட நிலையில் மாதவிடாய் நீடித்தால் என்ன செய்வது என்பதில் அறிஞர்கள் வெகுகாலமாக வாதிட்டு வந்திருக்கிறார்கள்: அந்நிலையிலேயே தவாஃப் செய்தால் அது நிறைவேறும், ஆனால் பரிகாரமாக ஒட்டகம் அல்லது மாடு அறுக்க வேண்டும் என்பர் ஹனஃபிகள், வேறு வழியே இல்லாதபோது நெருக்கடியின் பேரில் அனுமதி உண்டு என்றார் இப்னு தைமிய்யா. பயணத் தேதியை மாற்ற முயல்வதே முதல் வழி என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை.

இந்தக் கவலையினாலேயே நோரெதிஸ்டெரோன் போன்ற மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரைகளைப் பலர் நாடுகின்றனர். மார்க்க அறிஞர்கள் பெரும்பாலும் இதை அனுமதிக்கின்றனர். தயங்க வேண்டியது மருத்துவக் காரணங்களுக்காகவே. இரத்தம் உறையும் இயல்பு, ஒற்றைத் தலைவலி, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் வரலாறு உடையோருக்கு இவை ஏற்றவை அல்ல. எதிர்பார்க்கும் நாளுக்குச் சில நாட்கள் முன்னரே தொடங்க வேண்டிய மாத்திரையை, பெருங்கூட்டத்தில் மினா கூடாரத்தில் தோழி கொடுத்தாள் என்று இடையில் விழுங்கினால், நிற்பதற்குப் பதில் ஒழுங்கற்ற கசிவே மிஞ்சும். 45 என்ற வரம்பு உடலோடு மோதுவதும் இங்கேதான்: மஹ்ரம் இன்றிச் செல்லத் தகுதி பெறும் 45 முதல் 50 வரையான வயதுதான் பலருக்குச் சுழற்சி தாறுமாறாகும் வயது, இரண்டு மாதம் வராமலிருந்தது அரஃபா நாளில் வரக்கூடும். 'இந்த வயசுல இனி எங்கே' என்ற நினைப்பில் புறப்படுவோரே அதிகம் திணறுகின்றனர்.

கசிவு எல்லாமே மாதவிடாய் ஆகாது என்பதையும் சட்டநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மாதவிடாயை 'ஹைள்' என்றும், அதன் எல்லைக்கு அப்பாற்பட்ட நோய்நிலை இரத்தத்தை 'இஸ்திஹாளா' என்றும் அவை பிரிக்கின்றன; பின்னது தவாஃபைத் தடுக்காது, 'உளூ' என்னும் அங்கத்தூய்மை செய்துகொண்டு தவாஃபும் தொழுகையும் நிறைவேற்றலாம். எல்லை எது என்பதில் ஹனஃபிகளின் கணக்கு குறைந்தது மூன்று நாள், மிகுந்தது பத்து நாள். ஷாஃபிகளின் கணக்கு குறைந்தது ஒரு பகலும் இரவும், மிகுந்தது பதினைந்து நாள். பன்னிரண்டாவது நாளிலும் கசிவுள்ள ஒரு பெண் ஹனஃபியாக இருந்தால் தவாஃபுக்குச் செல்லலாம், ஷாஃபியாக இருந்தால் காத்திருக்க நேரலாம். தன் வழக்கமான நாட்களை ஓராண்டுக்காவது எழுதிவைத்திருக்கும் பெண்ணால் மட்டுமே ஆலிம் எனப்படும் மார்க்க அறிஞரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும். கைப்பெட்டியில் இருக்க வேண்டிய முதல் பொருள் அந்தக் குறிப்பேடு என்று சொல்வது மிகையாகாது. பயிற்சி முகாம்களில் இப்பகுதியை ஆண் ஆலிம் ஒருவர் ஆண்களும் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும் முறை போதாது. பெண் மார்க்க அறிஞராகிய ஓர் ஆலிமாவும் ஒரு மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து நடத்தும் தனி அமர்வு ஒன்று பெண்களுக்குத் தேவை.

உடை பற்றி நிலவும் எண்ணங்களிலும் திருத்தம் தேவைப்படுகிறது. ஆண்களுக்குத் தைக்காத இரண்டு துண்டுகள் இஹ்ராமாக அமைகின்றன. பெண்ணுக்கு அவ்வாறு தனி உடை இல்லை. வெள்ளை மக்கனாவும் வெள்ளை அங்கியும் வழக்கமே தவிர விதியன்று. உடலை மறைக்கும் எந்த நிறத்து உடையும் போதும். முகத்தை மூடும் நிகாபும் கையுறையும் இஹ்ராமில் கூடாது என்பதே பெண்ணுக்கான சிறப்பு விதி. தவாஃபில் ஆண்களைப்போல் தோள் குலுக்கி விரைவதோ, ஸஃபா-மர்வா இடையிலான ஸயீயில் பச்சை விளக்குகளுக்கு நடுவே ஓடுவதோ அவளுக்கு இல்லை. 'தல்பியா' முழக்கத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லி, இறுதியில் கூந்தல் நுனியில் விரல்நுனி அளவு கத்தரித்தால் போதும். வாசனைத் தைலமும் மணமுள்ள சோப்பும் இஹ்ராமில் விலக்கப்பட்டவை. கொங்குச் சமையலறைக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு: குருமாவுக்குச் சேர்க்கும் கசகசா சவூதியில் தடை செய்யப்பட்ட பொருள், வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருந்தாலும் சிக்கல்தான்.

உடலைப் பழக்குவதும் ஆயத்தத்தின் பகுதியே. ஸயீயின் ஏழு நடைகள் சேர்ந்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். மினாவிலும் ஜம்ராத்திலும் நடக்கும் தொலைவு தனி. மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்றில் பழகிய கோவை உடல், 2024 ஜூனில் மக்காப் பள்ளிவாசல் வளாகத்தில் பதிவான 51.8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எளிதில் தாங்காது. அவ்வாண்டு 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது, அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி நிழலும் கூடாரமும் இல்லாமல் நடந்தவர்கள். உக்கடம் பெரியகுளக் கரையில் இரண்டு மாதம் நடந்து பழகுவது, கட்டாயமான மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைக் காலத்தில் போட்டுக்கொள்வது, இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்வது ஆகியவை புறப்படும் வாரத்திற்குத் தள்ளிவைக்கக் கூடியவை அல்ல.

ஊர் திரும்பும் முன் செய்யப்படும் விடைபெறும் தவாஃபுக்கு மட்டும் பெண்ணுக்கு ஒரு முழு விலக்கு இருக்கிறது: இஃபாளா தவாஃபை முடித்துவிட்ட பெண்ணுக்குக் கடைசி நாளில் மாதவிடாய் தொடங்கினால், அவள் அதைச் செய்யாமலே விமானம் ஏறலாம், அதற்குப் பரிகாரம் எதுவும் இல்லை.