பச்சை ஈக்களின் மரபணு வேறுபாடு (தடயவியல்)

பச்சை ஈக்களின் மரபணு வேறுபாடு என்பது, பிணங்களில் முட்டையிடும் கலிபோரிடே குடும்ப ஈக்களின் டி.என்.ஏ.வில் இனங்களுக்கு இடையிலும், ஒரே இனத்தின் வெவ்வேறு வட்டாரக் கூட்டங்களுக்கு இடையிலும் காணப்படும் வேறுபாடு ஆகும். ஒருவர் இறந்த காலத்தைக் கணிப்பதில் இவ்வேறுபாடு தடயவியலுக்குப் பயன்படுகிறது.

அடிப்படை

பச்சை அல்லது நீல நிறத்தில் பளபளக்கும் இவ்வீக்கள் பிணத்தை முதலில் வந்தடையும் பூச்சிகளுள் அடங்கும். முட்டை, மூன்று புழு நிலைகள், கூட்டுப்புழு, ஈ என்பது இவற்றின் வாழ்க்கைச் சுழற்சி. வளர்ச்சி வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. எனவே புழுவின் நிலையையும் அவ்விடத்தின் வெப்பநிலையையும் கொண்டு முட்டையிட்ட காலம் கணிக்கப்படுகிறது. இது இறப்புக்குப் பின் கழிந்த குறைந்தபட்சக் காலமே ஆகும்.

ஒவ்வோர் இனமும் வெவ்வேறு வேகத்தில் வளர்வதால், இனத்தைத் தவறாகக் கொண்டால் காலமும் தவறாகும். அத்தவறு குற்றமற்ற ஒருவரின் மீது ஐயத்தைத் திருப்பவோ, குற்றவாளியைத் தப்பவிடவோ கூடும்.

டி.என்.ஏ. முறை

இளம் புழுக்களை உருவத்தால் பிரித்தறிதல் கடினம். இதற்கு டி.என்.ஏ.வைப் பயன்படுத்தும் முறையை 1994 இல் இசுப்பெர்லிங்கும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்டனர். இழைமணியில் உள்ள சி.ஓ.ஐ. மரபணு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அதன் 658 இணைகள் கொண்ட பகுதி விலங்கினங்களின் 'பட்டைக்குறி'யாகப் பயன்படுகிறது.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. லூசிலியா குப்ரினா என்னும் ஈயின் ஒரு துணையினத்தில், இழைமணி டி.என்.ஏ. லூசிலியா செரிகேட்டா இனத்தினுடையதை ஒத்திருக்கிறது. பழங்காலக் கலப்பு இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. இழைமணி தாய்வழியாக மட்டுமே வருவதால், அதனை மட்டும் நோக்கினால் இனம் மாறித் தெரியலாம். ஆகவே 28எஸ் போன்ற உட்கரு மரபணுவும் சேர்த்து ஆராயப்படுகிறது.

ஒரே இனத்துக்குள்ளும் வளர்ச்சி வேகம் மாறுபடலாம். அமெரிக்காவில் வெவ்வேறு இடங்களில் பிடித்த லூசிலியா செரிகேட்டா ஈக்களை ஒரே வெப்பநிலையில் வளர்த்தபோது, அவற்றின் வளர்ச்சிக் காலம் வேறுபட்டமை 2010 இல் வெளியான ஆய்வில் தெரிய வந்தது. இதனால் ஒரு நாட்டின் வளர்ச்சி அட்டவணையை மற்றொரு நாட்டில் அப்படியே கையாள்வது பொருந்தாது.

சேலம், நாமக்கல் சமவெளியில்

கிரைசோமியா மெகாசெபாலா, கிரைசோமியா ரூபிபேசியசு, லூசிலியா குப்ரினா ஆகியவை இந்தியாவின் வெப்பப் பகுதிகளில் பரவலாகக் காணப்படுகின்றன. ரூபிபேசியசின் முதிர்ந்த புழு, முன்வந்த பிற ஈக்களின் புழுக்களைத் தின்னும். அதனால் மூத்த புழுக்கள் மறைந்து, கணிக்கப்படும் காலம் குறையலாம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், அருகிலுள்ள ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. சமவெளியின் வெப்பநிலையை மலையில் கிடைத்த புழுக்களுக்குப் பொருத்தினால், புழுக்கள் வேகமாக வளர்ந்தனவாகக் கொள்ளப்பட்டு, கழிந்த காலம் குறைவாகவே கணிக்கப்படும். கோழிப்பண்ணைகள் மிகுந்த நாமக்கல் பகுதியில் இறந்த கோழிகளும் ஈக்களுக்கு உணவாகின்றன. ஆகவே பிணத்தின் அருகில் கிடைக்கும் புழு அப்பிணத்தில்தான் வளர்ந்ததா என்பதும் ஆராயத்தக்கது. புழுவின் குடலில் உள்ள உணவின் டி.என்.ஏ. இதற்கு விடை தரக்கூடும்.

மாதிரி சேகரிப்பு

புழுக்களில் ஒரு பகுதி வெந்நீரில் கொல்லப்பட்டு எத்தனாலில் பாதுகாக்கப்படும். மற்றொரு பகுதி ஈயாகும் வரை உயிருடன் வளர்க்கப்படும். பார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைப்பதால் மரபணு ஆய்வுக்கு ஏற்றதன்று.