வண்டிப்பாதையின் கீழ் ஆழமற்ற வடிகுழாய்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதி உப்பங்கழிக் கரையில், கடல்மட்டத்தினும் சிறிதே உயர்ந்த நிலத்தில் அமைந்துள்ளது. கொச்சியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 300 செ.மீ. மழை பெய்கிறது. வீட்டு முற்றத்தில் விழும் நீரைத் தெரு வடிகாலுக்குக் கொண்டு செல்லும் குழாயை இத்தகைய நிலத்தில் ஆழப் புதைத்தல் அரிது. சிறிது தோண்டினாலே நீர் ஊறும். வடிகாலின் அடிமட்டமும் உயரத்திலேயே இருக்கும். ஆகவே குழாய் வண்டிப்பாதைக்குச் சற்றுக் கீழேயே செல்ல நேர்கிறது. அது சக்கரத்தின் அடியில் உடைந்தால் முற்றத்து நீர் வீட்டிற்குள் புகும்.

முதலில் குழாயின் அளவைக் காண்போம். 200 சதுர மீட்டர் முற்றத்தில் மணிக்கு 10 செ.மீ. மழை பெய்தால், விநாடிக்கு ஏறத்தாழ 5½ லிட்டர் நீர் சேரும். 15 செ.மீ. விட்டமுள்ள குழாய் 200-க்கு 1 என்னும் சரிவிலேயே இதனைப் போல் இருமடங்கு நீரைக் கடத்தும், மணலும் தங்காது. 10 மீட்டர் நீளத்திற்கு வேண்டிய இறக்கம் 5 செ.மீ. மட்டுமே. ஆயினும் அச்சரிவு இடையில் எங்கும் தாழாமலும் உயராமலும் சீராக இருத்தல் வேண்டும்.

அடுத்தது பாரம். 1885-இல் பிரெஞ்சு அறிஞர் பூஸினெஸ்க் வகுத்த கணக்கின்படி, ஒரு புள்ளியில் ஏற்றிய பாரத்தினால் மண்ணில் உண்டாகும் அழுத்தம் ஆழத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 60 செ.மீ. ஆழத்தில் இருக்கவேண்டிய குழாயை 30 செ.மீ. ஆழத்தில் பதித்தால், அதன்மேல் விழும் சக்கர அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

இதனைத் தாங்க வழிகள் மூன்று உள. முதலாவது, படுக்கை. செங்கல் துண்டுகளின்மேல் நிறுத்திய குழாய் இடைவெளியில் முறியும். கெட்டித்த மணற்படுக்கை குழாயின் அடிப்பாகத்தை நீளம் முழுவதும் அணைத்துத் தாங்க வேண்டும்; இணைப்புகளின் தடித்த வாய்க்கு மட்டும் சிறு குழி விடலாம். இரண்டாவது, பக்க மண். இதனை மெல்லிய அடுக்குகளாக இட்டுத் திமிசு கொண்டு கெட்டிக்க வேண்டும். மூன்றாவது, பள்ளத்தினும் அகன்ற கம்பியிட்ட காங்கிரீட் பலகை. இது இருபுறமும் உறுதியான மண்ணில் அமர்ந்து, சக்கரத்தின் பாரத்தைக் குழாயின்மேல் விடாது பக்கங்களுக்குக் கடத்தும். பலகைக்கும் குழாய்க்கும் இடையே மணல் இருத்தல் அவசியம். பலகை குழாயைத் தொடுமாயின் அது அமைத்த பயன் கெடும். மூடுமுன் நீர் விட்டு இணைப்புகளைச் சோதித்தல் நன்று.

இறுதியாக, வேலியேற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கழிநீர் மிக உயரும்போது வடிகால் நீர் குழாயின் வழியே பின்னோக்கி வரக்கூடும். குழாய் முடிவில் வெளிப்புறமாகத் திறக்கும் கீல்மூடி இருந்தால், எதிர்நீர் அதனை மூடிவிடும். ஆயினும் அது மூடியிருக்கும் நேரத்தில் பெய்யும் மழை முற்றத்திலேயே தங்கும். அந்நீர் காத்திருக்க வீட்டின் தரைமட்டத்தினும் தாழ்ந்த ஒரு தொட்டியோ திறந்த மண்பரப்போ விட்டு வைத்தல் வேண்டும். முற்றம் முழுவதையும் காங்கிரீட்டால் மூடிய வீட்டிற்கு எத்துணைப் பெரிய குழாயும் அவ்வேளையில் உதவாது.