முதல் ஏற்றத்தில் தோற்கும் பந்தயம்

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைகளில் கோடையில் நடக்கும் லா மார்மோட் சைக்கிள் பந்தயத்துக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தொடங்கியது 1982-இல். தொழில்முறை வீரர்களுக்கானதல்ல, வாரம் முழுக்க அலுவலகம் போய்வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஓட்டுகிறார்கள். வழக்கமான பாதையின் நீளம் சுமார் 175 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் ஏறக்குறைய 5,000 மீட்டர். பூர் த்வாசான் என்ற சிற்றூரில் புறப்பட்டு கிளாந்தோன் (1,924 மீட்டர்), தெலெக்ராஃப் (1,566), கலிபியே (2,642) ஆகிய மூன்று கணவாய்களைக் கடந்து, மறுபடி அதே ஊருக்கு இறங்கி வந்து, அதன்பின் ஆல்ப் துயெஸ் மலைமீது ஏறி முடிக்க வேண்டும். கலிபியேயின் உயரம் ஏறக்குறைய நம் தொட்டபெட்டாவின் உயரம்தான் (2,637). எல்லோரும் பேசுவது இந்தக் கலிபியேயைப் பற்றி. படம் பிடிப்பது ஆல்ப் துயெஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில். ஆனால் பெரும்பாலானோருக்கு முடிவு தீர்மானமாவது, கால்கள் புதிதாக இருக்கும் காலை வேளையில், கிளாந்தோன் ஏற்றத்தில்தான் என்பது என் வாதம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளுமாக 83 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆல்ப் துயெஸின் ஏற்றம் 13.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 8.1 சதவீதம். அதில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறத்தாழ 200 வாட் திறன் வேண்டும். 83 நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடலாம். களைத்த உடம்பு 150 வாட்தான் தருகிறது என்றால் வேகம் ஏழரையாகும், நேரம் 110 நிமிடமாகும். இழப்பு 27 நிமிடம். இதற்கு எதிராக, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் கிளாந்தோனில் வழக்கத்தைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக முக்கி மிதித்தவருக்குக் கிடைப்பது அதிகம் போனால் எட்டு நிமிடம். எட்டைச் சேர்த்து இருபத்தேழைத் தொலைப்பது எந்த ஊர்ப் பேரமும் ஆகாது.

பத்து சதவீதம் மிகையாக மிதித்ததற்கா இவ்வளவு தண்டனை என்று கேட்கலாம். விடை தசையில் இருக்கிறது. உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், ஏறத்தாழ 2,000 கலோரிக்குள் அடங்கிவிடும். ஒன்பது மணி நேரப் பந்தயமோ இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். மிச்சத்தைக் கொழுப்பும், வழியில் உண்பதும்தான் தர வேண்டும். மிதமான வேகத்தில் கொழுப்பு நன்றாக எரிகிறது. மூச்சு வாங்கும் வேகத்தில் மாவுச்சத்தின் செலவு திடீரென்று எகிறுகிறது. சாப்பிட்டு ஈடுகட்டலாம் என்றால் குடல் ஒத்துழைக்க வேண்டும். மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தை உறிஞ்சவே அதைப் பழக்கியிருக்க வேண்டும். கலிபியேயின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால் அங்கே எல்லோருக்கும் திறன் குறையும். காலையில் கடன் வாங்கியவருக்கு அது இன்னும் குறையும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கிளாந்தோனை விட்டு இறங்கியதும் மோரியன் பள்ளத்தாக்கில் சாலை கிட்டத்தட்டச் சமதளம். அங்கே கூட்டமாக ஓட்டினால் முன்னால் போகிறவரின் முதுகு காற்றைத் தடுக்கும். உழைப்பில் கால் பங்கும் அதற்கு மேலும் மிச்சமாகும். ஆகவே முதல் மலையில் கொஞ்சம் முக்கியாவது நல்ல குழுவோடு ஒட்டிக்கொள்வதே சாமர்த்தியம் என்கிறார்கள். நூறு பேர் மட்டும் ஓடும் பந்தயத்தில் இது முழுக்கச் சரி. ஆயிரக்கணக்கானோர் ஓடும் பந்தயத்தில் பின்னாலிருந்து குழுக்கள் வந்துகொண்டே இருக்கும்; ஒன்றை விட்டால் சற்று நேரத்தில் அடுத்தது. தவிர, விபத்துகளை முன்னிட்டு கிளாந்தோனின் இறக்கத்துக்கு அமைப்பாளர்கள் நேரம் கணக்கிடுவதில்லை. மூச்சைச் சமன்படுத்திக்கொண்டு, தகுந்த துணை தேடிப் போக விதியே இடம் தருகிறது.

இன்னொரு மறுப்பு வெயிலைப் பற்றியது. காலைக் குளிரிலேயே உழைத்துவிட வேண்டும், பிற்பகலில் ஆல்ப் துயெஸின் தொடக்கச் சரிவுகள் அடுப்பாகக் கொதிக்கும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. குளிரில் அதே திறனுக்கு இதயம் குறைவாகத்தான் துடிக்கிறது. அதற்காக மூன்று, நான்கு சதவீதம் கூடுதலாக மிதிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் தாண்டுவதற்கு வெயில் ஒரு சாக்கு மட்டுமே. உண்மையிலேயே நேரம் மிச்சப்படுத்த நினைப்பவர்கள் உணவு நிலையங்களில் நின்று கதை பேசுவதைக் குறைத்தாலே போதும். கிளாந்தோனில் முக்கிச் சம்பாதிக்கும் எட்டு நிமிடம் அங்கேயே கிடைத்துவிடும்.

இப்படியொரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் பயிற்சியின்போது ஐந்து மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு நீண்ட ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். அங்கே தாக்குப்பிடிக்கும் திறன் எதுவோ, பந்தய நாளன்று முதல் மலைக்கும் அதையே அளவாக வையுங்கள். அடுத்த வாரம் இறக்கங்களைப் பார்ப்போம்.