தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

சோப்பு விலை ஏறினால் வேறு கம்பெனி சோப்பு வாங்கிக்கொள்வோம். குழாய்த் தண்ணீர் விலை ஏறினால்? ஒரே தெருவில் ரெண்டு கம்பெனி பைப் லைன் போட்டு, "எது சல்லிசோ அதைப் பிடிச்சுக்கோ" என்று எந்த ஊரிலாவது சொல்கிறார்களா? போட்டிக்கே இடமில்லாத ஒரு பொருளைத் தனியார் லாபத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டின் கொச்சபம்பா நகரம் ஒரு பாடம்.

அந்த நாட்டுக்குக் கடன் கொடுத்த உலக வங்கி, தண்ணீர் வாரியத்தைத் தனியாரிடம் விடச் சொல்லி வற்புறுத்தி வந்தது. ஏலத்துக்கு வந்ததோ ஒரே ஒரு குரூப்! 1999 செப்டம்பரில், அமெரிக்காவின் பெக்டெல் கம்பெனிக்குப் பங்குள்ள 'அகுவாஸ் தெல் துனாரி' நிறுவனத்துக்கு 40 வருஷ ஒப்பந்தம் கிடைத்தது. வருஷத்துக்கு 15 முதல் 17 சதவீத லாபம் உறுதி என்று அதிலேயே எழுதிக் கொடுத்தார்கள். நஷ்ட பயமே இல்லாத வியாபாரம்! போதாததற்கு, ஜனங்கள் கைக்காசு போட்டுத் தோண்டிய கிணறுகளும் பறிபோகும் என்ற பயம், புதுச் சட்டத்தால் வந்தது.

2000 ஜனவரியில் பில் வந்தது. பல வீடுகளுக்கு ஒரேயடியாக இரட்டிப்பு! ஏழை ஜனம் சோறு தின்பதா, தண்ணீர் குடிப்பதா?

ஆலைத் தொழிலாளர்கள், பாசன விவசாயிகள், மாணவர்கள் எல்லோரும் ஒரே கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். அதன் முன்னணியில் நின்ற ஆஸ்கர் ஒலிவேரா மந்திரியும் இல்லை, வக்கீலும் இல்லை. செருப்புத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர், நம்மைப் போல! மார்ச்சில் கூட்டமைப்பே தெருத்தெருவாக ஓட்டெடுப்பு நடத்தியது. சுமார் 50,000 பேர் ஓட்டுப் போட்டார்கள். 90 சதவீதத்துக்கு மேல் "ஒப்பந்தம் வேண்டாம்" என்றார்கள். அரசு காதில் வாங்கவில்லை. ஏப்ரலில் ஊரே சாலைக்கு வந்தது. நெருக்கடி நிலை அறிவித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கடைசியில் அரசு பணிந்தது. ஒப்பந்தம் ரத்து! கோடிக்கணக்கான டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்ட கம்பெனியும், 2006-இல் பணம் வாங்காமலே விலகிக்கொண்டது.

கதை இதோடு முடியவில்லை. வாரியம் மக்கள் கைக்குத் திரும்பிய பிறகும், நகரின் தெற்குப் பகுதியில் பல வீடுகள் வருஷக்கணக்கில் லாரித் தண்ணீரையே நம்பியிருந்தன. கம்பெனியை விரட்டுவது ஒரு வேலை. கடைசி வீடு வரை பைப் போட்டுத் தண்ணீர் கொண்டுபோவது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு ஊர் ஒற்றுமை வேண்டும். ரெண்டாவதுக்கு அதோடு நம் டிப்ளமோ படிப்பும் வேண்டும்.

பம்ப் எத்தனை குதிரைத்திறன், பைப் எத்தனை அங்குலம் என்று கணக்குப் போடக் கற்கிறோம். அந்தத் தண்ணீருக்கு யார் விலை வைக்கிறார்கள், யாரைக் கேட்டு வைக்கிறார்கள் என்றும் கேட்கக் கற்போம், தோழர்களே!